முதல் போடுவது யார்?

வீட்டில் பசு கட்டியிருப்பவர்களுக்கு ஒரு தனி மிடுக்கு உண்டு என்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். பால்காரர் இன்னும் வரவில்லையே என்று அவர்கள் வாசலில் நின்று தெருக்கோடியைப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வேண்டியது போக மிஞ்சிய பால் அடுத்த வீட்டுக்குப் போகிறது. மாதம் பிறந்தால் அதற்கு ஒரு தொகை வந்து சேர்கிறது. பார்க்கிறவர்கள், "கொடுத்து வைத்தவர்கள்!" என்கிறார்கள். அந்தப் பசுவை வாங்குவதற்காக வீட்டு அம்மாள் எந்த வளையலை எந்தக் கடையில் அடகு வைத்தாள் என்பதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

மின்சாரமும் இப்போது பாலைப் போல் ஆகிவிட்டது. தனக்கு வேண்டிய சக்தியைத் தானே உண்டாக்கிக்கொண்டு, மிச்சத்தை ஊருக்கு விற்கும் வீடுகள் உலகத்தில் பல இடங்களில் தோன்றியிருக்கின்றன. தனி வீடு மட்டுமல்ல, தெருவே, பேட்டையே அப்படி ஆகவேண்டுமென்று ஐரோப்பாவில் பெரும் பிரயத்தனம் நடந்து வருகிறது. வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்க்கும்போது, செலவழித்ததைவிட உண்டாக்கியது அதிகமாயிருக்கும் நகரப் பகுதியை 'மிகைச் சக்திப் பேட்டை' என்று நாம் அழைக்கலாம்.

இந்த விஷயத்தில் நமக்குத் திடீரென்று அக்கறை பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நாம் குடியிருக்கும் தெருவில் 42 வீடுகள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. வியாபாரி ஒருவர் வர்ணப் படங்கள் போட்ட காகிதங்களுடன் வந்திருந்தார். நாற்பத்திரண்டு மொட்டைமாடியிலும் சூரியத் தகடுகளைப் பதித்துவிட்டால், தெருவுக்கு வேண்டியது போக மின்சாரம் மிஞ்சும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். நாம் கணக்கு வாத்தியார் என்பதால் எல்லோரும் நம் முகத்தைப் பார்த்தார்கள். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. தலையை அசைத்தோம்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் குடித்தனம் இருந்துகொண்டு, மின்சாரத் தையல் மெஷின் ஒன்றை நம்பி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். "மாடி இருக்கிறவர்களுக்குச் சரி, சார். எங்களிடம் மாடி இல்லை. கரண்டு பில்தான் இருக்கிறது. எங்களுக்கு இதில் என்ன வரும்?" என்று கேட்டார்.

வியாபாரி தம் காகிதங்களைப் புரட்டினார். அவற்றில் விடை இல்லை. நாமும் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: இருபது வருஷ உத்தியோகத்துக்குப் பிறகும் நாம் இருப்பது வாடகை வீட்டில்தான். நம் தெருவின் 42 வீடுகளில் பதினேழில் வாடகைக் குடித்தனம். அந்த அம்மாள் கேட்டது நம்முடைய கேள்வியுந்தான். கேட்கும் தைரியம் அவருக்கு இருந்தது.

வீடு திரும்பியதும், இந்தக் கேள்விக்கு வேறு ஊர்களில் என்ன பதில் சொன்னார்கள் என்று தேட ஆரம்பித்தோம். முதலில் அகப்பட்டது ஜெர்மனி தேசத்தின் தென்மேற்கு மூலையில், கறுப்பு வனம் என்னும் மலைக்காட்டின் ஓரத்தில் இருக்கும் ஃப்ரைபுர்க் நகரம்.

அந்நகரில் வோபான் என்றொரு பகுதி. முன்பு பிரெஞ்சுப் படையினரின் பாசறையாக இருந்தது. 1992-இல் படை காலிசெய்துவிட்டுப் போக, நகரத்தார் அதைக் குடியிருப்பாக மாற்றினார்கள். அதன் அண்டையில் ரோல்ஃப் டிஷ் என்னும் சிற்பி 59 வீடுகள் கொண்ட ஒரு 'சூரியக் குடியிருப்பை' எழுப்பினார். (இவர் 1994-இல் தமக்கென்று கட்டிக்கொண்ட வீடு, சூரியகாந்திப் பூவைப் போல வெயிலைத் தொடர்ந்து திரும்பக்கூடியது. அப்படிப்பட்ட மனிதருக்குக் கடன் கொடுக்க எந்த பாங்கிக்காரரும் ஒரு கணம் யோசிக்கத்தானே செய்வார்!) வீடுகள் மரத்தாலானவை, வரிசை வரிசையாகத் தெற்கு நோக்கி நிற்பவை. சுவர்கள் தடித்தவை, ஜன்னல்களுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி. உள்ளே புகுந்த சூடு எளிதில் வெளியேற முடியாது. கூரை என்று தனியாக ஓடு வேய்ந்து அதன்மேல் தகடு வைக்கவில்லை, தகடுகளே கூரை. பெரிய சாலைப் பக்கத்தில், இரைச்சலைத் தடுக்கும் மதில்போல, 'சூரியக் கப்பல்' என்ற நீண்ட கட்டிடம். அதில் கடைகளும் காரியாலயங்களும் இருக்கின்றன. அதன் தலையிலும் சில வீடுகள்.

இத்தனைக்குமாகத் தகடுகளின் திறன் சுமார் 445 கிலோவாட். வருஷத்தில் கிடைப்பது சுமார் 4,20,000 யூனிட். வகுத்துப் பார்த்தால் ஒரு கிலோவாட்டுக்கு 944 யூனிட் ஆகிறது. நம் தமிழ்நாட்டு மாடியில் அதே ஒரு கிலோவாட் தகடு வருஷத்துக்கு 1,400 யூனிட்டாவது கொடுக்கும். வெயிலில் நாம் ஏழைகள் அல்ல என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சித்திரை மாதத்தில் இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஃப்ரைபுர்க்கில் கோடையில் மின்சாரம் வழிகிறது. மார்கழியில் போதாமற் போகிறது. கோடையில் ஊருக்கு விற்று, குளிர்காலத்தில் ஊரிலிருந்து வாங்குகிறார்கள். குளிர்காலச் சூட்டுக்கு, மரச் சிம்புகளை எரிக்கும் பக்கத்து நிலையத்திலிருந்து குழாய் வருகிறது. 'மிச்சம்' என்பது வருஷக் கடைசியில் கூட்டிக் கழித்துத் தெரிவதே தவிர, ஒவ்வொரு நாளும் பானையில் தெரிவதல்ல. ஊர்க் கம்பி இல்லாவிட்டால் இந்த வியாபாரமே இல்லை.

இனிப் பணத்துக்கு வருவோம். இப்படிக் கட்டிய வீடு சாதாரண வீட்டைவிட விலை கூடுதல். கூடுதல் விலையை முதல் நாளே கொடுத்தாக வேண்டும்; லாபமோ இருபது வருஷத்தில் சொட்டுச் சொட்டாக வருவது. நடுத்தரக் குடும்பத்தார் எந்தத் தேசத்தில் இருந்தாலும் இந்த இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். அவர்களைத் தாண்டச் செய்தவை மூன்று.

முதலாவது, ஒரு சட்டம். 2000-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி ஜெர்மனியில் அமுலுக்கு வந்த அந்தச் சட்டம், சூரியத் தகட்டிலிருந்து வரும் ஒவ்வொரு யூனிட்டையும் கம்பிக்காரர்கள் வாங்கியே தீரவேண்டும், அதற்கு 99 ஃபெனிக் விலை கொடுக்கவேண்டும், அந்த விலை இருபது வருஷத்துக்கு மாறாது என்று சொல்லிற்று. அப்போது வீடுகளுக்கு ஒரு யூனிட் விற்ற விலையைப்போல் இது மூன்று மடங்குக்கும் மேல்! ஆறு கிலோவாட் கூரை உள்ள ஒரு குடும்பத்துக்கு, மேலே சொன்ன விகிதப்படி, வருஷத்துக்கு 5,600 மார்க்குக்கு மேல் வரும். இருபது வருஷத்துக்கு இன்ன தொகை வந்தே தீரும் என்று சர்க்கார் சட்டமே சொல்லுமானால், எந்த பாங்கியும் அந்தக் காகிதத்தின் மேல் கடன் கொடுக்கும். நம் ஊரில் சர்க்கார் உத்தியோகம் என்றால் பெண் கொடுப்பதில்லையா, அதைப் போலத்தான்.

இரண்டாவது, மலிவான கடன். 1999-இல் 'ஒரு லட்சம் கூரைகள்' என்றொரு திட்டம் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் வட்டியே இல்லாமல் பத்து வருஷக் கடன். கடன் கொடுத்த அரசாங்க பாங்கி 1948-இல் ஏற்பட்டது. யுத்தத்தில் இடிந்து கிடந்த தேசத்தைத் திரும்பக் கட்டுவதற்காக ஸ்தாபித்த அந்த பாங்கி, வீடுகள் கட்டியான பிறகு கலைந்துபோகவில்லை. அதே வீடுகளின் கூரைக்குக் கடன் கொடுக்க வந்துவிட்டது.

மூன்றாவதுதான் நமக்கு மிகவும் பிடித்தது. விற்காமல் நின்ற சில வீடுகளைப் பலர் சேர்ந்து போட்ட நிதி வாங்கிக்கொண்டது. ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற பங்கைப் போட்டார்கள். வீடுகளை வாடகைக்கு விட்டார்கள். வாடகையும் மின்சார வருமானமும் பங்குக்காரருக்குப் போயிற்று. சீட்டுப் பிடித்துப் பழகிய நம் பெண்மணிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இவ்வளவு தூரம் படித்தவர்கள், "சபாஷ்!" என்று சொல்லியிருப்பார்கள். தையற்கார அம்மாள் அப்படிச் சொல்லமாட்டார். "அந்த 99 ஃபெனிக் யார் வீட்டிலிருந்து வந்தது?" என்றுதான் கேட்பார். கேட்கவேண்டிய கேள்வி அது.

அந்தத் தொகை சர்க்கார் கஜானாவிலிருந்து வரவில்லை. மின்சாரம் உபயோகிக்கும் எல்லோருடைய பில்லிலும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரு மேல்வரி போட்டு வசூலித்தார்கள். ஆரம்பத்தில் அது ஊசிமுனை அளவு. தகடுகளும் காற்றாலைகளும் பெருகப் பெருக ஏறிக்கொண்டே போய், 2017-இல் யூனிட்டுக்கு 6.88 சென்ட் ஆயிற்று. அப்போதைய வீட்டு மின்சார விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். மின்சாரம் அதிகமாகத் தின்னும் பெரிய ஆலைகளுக்கோ, வெளிநாட்டுப் போட்டியில் நசித்துப் போவார்கள் என்று சொல்லி, பெரும் பகுதி விலக்கு. ஆகவே, சொந்தக் கூரை உள்ளவருக்குப் போன பணத்தில் ஒரு பகுதி, நாலாவது மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு கூரையைக் கண்ணாலும் காணாத கிழவியின் பில்லிலிருந்து போயிற்று. இருபது வருஷங்களுக்கு மேல் இப்படி நடந்தது. 2022 ஜூலையில்தான் அந்த மேல்வரியைப் பூஜ்யமாக்கி, பாரத்தைச் சர்க்கார் கஜானா ஏற்றுக்கொண்டது.

நாம் அந்தச் சட்டத்தைப் பழிக்க வரவில்லை. ஜெர்மானியர் அதிக விலை கொடுத்து வாங்கினபடியால்தான் தகடு செய்யும் தொழிற்சாலைகள் பெருகின. பெருகினபடியால்தான், பிற்பாடு சீன தேசத்துப் பட்டறைகளும் சேர்ந்து, தகட்டின் விலை தரையைத் தொட்டது. இன்று நம் தெருவுக்கு வியாபாரி வந்து நிற்கிறார் என்றால், அதற்கு அந்த நாலாவது மாடிக் கிழவியும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறாள். அவளுக்கு நன்றி சொன்னவர் யாருமில்லை என்பதுதான் நம் மனக்குறை.

பாதி வழியில் அவர்களுக்கும் இது உறைக்காமலில்லை. வீட்டுக்காரர் தம் கூரையில் உண்டாக்கும் மின்சாரத்தைக் குடித்தனக்காரருக்கே விற்றால் அதற்கும் ஊக்கத்தொகை உண்டு என்று 2017-இல் ஒரு சட்டம் செய்தார்கள். காகித வேலை அதிகமானதால் அது எதிர்பார்த்த அளவு பரவவில்லை. அதைக் காட்டிலும் ஜனங்கள் தாமாகவே கண்டுபிடித்த உபாயம் நன்றாக வேலை செய்கிறது. வாடகை வீட்டின் பால்கனிக் கம்பியில், ஈரத்துணி காயப்போடும் இடத்தில், ஒன்றிரண்டு தகடுகளைத் தொங்கவிட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் செருகிவிடுகிறார்கள். வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். லட்சக்கணக்கான குடும்பங்கள் இப்படிச் செய்திருக்கின்றன. தெருவே மிகையாவதற்கு இது போதாது. ஆனாலும் மாடியில்லாதவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறது.

தனி மனிதர் ஒருவர் முன்னின்று எழுப்பிய குடியிருப்பின் கதை இது. நகரம் நகரமாக இதைச் செய்ய ஐரோப்பிய சர்க்கார்கள் எடுத்துக்கொண்ட வழி வேறு. 2018-இல் இருபது தேசங்கள் கூடி, 2025-க்குள் நூறு மிகைச் சக்திப் பேட்டைகளுக்கு வழி செய்வது என்று தீர்மானித்தன. நூறு என்பது அழகான எண். தீர்மானங்களில் வரும் எண்கள் எப்போதும் அழகாகவே இருக்கும். அதற்காக ஐரோப்பியக் கூட்டின் ஆராய்ச்சி நிதியிலிருந்து, கைகாட்டி நகரங்கள் என்று சிலவற்றைப் பொறுக்கி மானியம் கொடுத்தார்கள். ஹாலந்தில் ஆம்ஸ்டர்டாமும் குரோனிங்கனும், ஸ்பெயினில் பில்பாவோவும், பின்லாந்தில் ஊலுவும் அவற்றில் சில. நார்வேயிலுள்ள த்ரோந்தைமும் அயர்லாந்திலுள்ள லிமரிக்கும் ஒரே திட்டத்தில் சேர்ந்து, 2018 முதல் 2023 வரை, சுமார் 2 கோடி யூரோ பெற்றன.

த்ரோந்தைம் நகரத்தைப்பற்றி ஒரு வார்த்தை. அது பூமியின் உச்சிக்குச் சமீபத்தில் இருப்பது. டிசம்பரில் நாலரை மணி நேரமே பகல். அங்கேயுள்ள துறைமுகத்தில் 2019-இல் ஒரு காரியாலயக் கட்டிடம் திறந்தார்கள். வெயில் சாய்ந்து விழும் தேசமானதால் கூரையையும் சாய்த்தே கட்டியிருக்கிறார்கள். கூரையிலும் சுவரிலுமாக ஏறக்குறைய 3,000 சதுர மீட்டர் தகடு. வருஷத்துக்குச் சுமார் 5 லட்சம் யூனிட். சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் கடல் நீரை உபயோகிக்கிறார்கள். தன் தேவைபோக மிஞ்சியதை அண்டைக் கட்டிடங்களுக்கும் மின்சார பஸ்களுக்கும் அளிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். பாதி வருஷம் இருட்டில் இருப்பவர்கள் செய்கிறார்கள். நாம் வெயிலுக்குக் கூரையில் வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அந்த 2 கோடி யூரோவை வீடு கட்டும் பணம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அது ஆராய்ச்சி மானியம். புதியதாக ஒன்றைச் செய்து பார்க்க, அளந்து பார்க்க, எழுதி வைக்க, அதற்கான சம்பளங்களுக்கு. லாபம் கருதும் கம்பெனிகளுக்குச் செலவில் நூற்றுக்கு 70 வரைதான் கொடுப்பார்கள். சுவருக்கும் தகட்டுக்கும் ஆகும் பெரும் பணத்தை வீட்டுக்காரரோ நகரசபையோ பாங்கியோ போட்டாக வேண்டும். மானியம் ஐந்து வருஷத்தில் முடிந்துவிடும். கட்டிடக் கடன் இருபத்தைந்து வருஷம் நிற்கும். கைகாட்டியைப் பார்த்துப் பின்னால் வருகிற நகரத்துக்கு, 'புதுமை' இல்லை என்பதாலேயே, அந்த மானியமும் கிடையாது. நம் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய பையனுக்கே திரும்பத் திரும்பப் பரிசு கொடுப்பதை இது நமக்கு ஞாபகப்படுத்துகிறது.

இந்தச் சங்கடத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்துகளில் ஒன்று கவனிக்கத் தக்கது. பாங்கியில் பணம் இருக்கிறது. நகரசபையில் ஆசை இருக்கிறது. இடையில், கடன் கேட்கத் தகுந்த முறையில் திட்டத்தைத் தயாரிக்கத் தெரிந்த ஆளும் அதற்குக் கூலியும் இல்லை. ஆகவே ஐரோப்பிய முதலீட்டு பாங்கி 2009 முதல் எலேனா என்ற பெயரில் ஓர் உதவி நடத்துகிறது. அளப்பது, கணக்கெடுப்பது, ஒப்பந்தக் காகிதம் எழுதுவது ஆகிய தயாரிப்புச் செலவில் நூற்றுக்கு 90 வரை அது கொடுத்துவிடுகிறது. அதற்கு நிபந்தனை, ஒரு யூரோ மானியம் பொதுவாக இருபது யூரோ முதலீட்டைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்பது. நம் தேசத்தில் எத்தனையோ நகராட்சிகள் நிதி இல்லாமல் நிற்கின்றன என்று சொல்கிறோம். பாதி நகராட்சிகள், நிதி கேட்டு எழுதத் தெரிந்த குமாஸ்தா இல்லாமல்தான் நிற்கின்றன என்பது நம் அபிப்பிராயம்.

நிற்க. மேலே சொன்ன ஃப்ரைபுர்க்கிலிருந்து கறுப்பு வனத்துக்குள் சென்றால் ஷோனாவ் என்னும் சிற்றூர் வரும். ஜனத்தொகை சுமார் 2,500. 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்ததைக் கண்டு பயந்த சில பெற்றோர்கள், தங்கள் குழந்தைகளுக்கு அணுமின்சாரம் வேண்டாமென்று ஒரு குழு அமைத்தார்கள். முதலில் மின்சாரத்தைச் சிக்கனம் செய்து பார்த்தார்கள். பிற்பாடு ஊரின் மின்கம்பிகளையே விலைக்கு வாங்கிவிடுவது என்று துணிந்தார்கள். ஊராரிடம் இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு முறையும் சொற்ப வித்தியாசத்தில் ஜயித்தார்கள். கம்பிக்காரர்கள் நியாயத்துக்கு மிஞ்சிய விலை சொன்னார்கள். தேசமெங்கும் சிறு தொகைகளாகப் பங்கும் நன்கொடையும் திரட்டிக் கட்டினார்கள்; 1997-இல் கம்பிகள் அவர்கள் கைக்கு வந்தன. விலை அதிகம் என்று பின்னர் தீர்ந்து, ஒரு பகுதி திரும்பியும் கிடைத்தது! இன்று அது ஒரு கூட்டுறவுச் சங்கம். அதில் பங்கு வாங்கக் கூரை வேண்டியதில்லை.

கூட்டுறவு என்றதும் நமக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. சில்லறைச் சேமிப்பைச் சேர்த்துக் கிராமத்துக்குக் கடன் கொடுக்கும் முறையை ஜெர்மனியில் பரப்பிய ரைஃபைஸனைப்பற்றி, சென்னை ராஜதானி உத்தியோகஸ்தர் நிகல்ஸன் என்பவர் 1890-களில் விரிவாக எழுதினார். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அப்போது செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் சங்கம் ஏற்பட்டது. நூற்றிருபது வருஷமாக நம் ஊர்களில் இருக்கும் அதே சங்கத்தைத்தான் ஜெர்மானியர் இப்போது சூரியனுக்கும் காற்றுக்கும் உபயோகிக்கிறார்கள். நாமோ நகைக் கடனுக்கும் உரத்துக்குமே நிறுத்திக்கொண்டோம்.

முற்றிலும் நிறுத்திக்கொண்டோம் என்றும் சொல்வதற்கில்லை. மேட்டுப்பாளையத்துக்குச் சமீபத்தில் ஓடந்துறை என்னும் ஊராட்சி இருக்கிறது. நகரமல்ல, கிராமந்தான், ஆனால் அதன் கணக்குப் புத்தகத்தை எந்த ஐரோப்பிய நகரசபையும் வாங்கிப் படிக்கலாம். 1996 முதல் 2006 வரை சண்முகம் என்பவர் அங்கே ஊராட்சித் தலைவர். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கட்டும் மின்சாரச் செலவு ஊராட்சியின் வருமானத்தைத் தின்றுகொண்டே வந்தது. காற்றாலை ஒன்று வாங்கிவிட்டால் என்ன என்று அவர் எண்ணினார். விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சி சேமித்து வைத்திருந்தது 40 லட்சம். மீதி 1 கோடியே 15 லட்சத்தை, ஊராட்சியே பாங்கியில் கடனாக வாங்கிற்று!

இந்த இடத்தில் நேயர்கள் சற்று நிற்கவேண்டும். மானியம் அல்ல, நன்கொடை அல்ல. ஒரு கிராமம் தன் பெயரில் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கிற்று. 2006-இல் உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் இடத்தில், 350 கிலோவாட் காற்றாலை எழுந்தது. ஓடந்துறையிலிருந்து பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியாது; அவ்வளவு தூரம். ஆனாலும் அது உண்டாக்கும் மின்சாரம் ஓடந்துறையின் கணக்கில் வரவு. வருஷத்துக்குச் சுமார் 6,75,000 யூனிட் கிடைத்தது. ஊராட்சியின் தேவை சுமார் 4,50,000. மிச்சம் 2,25,000 யூனிட் மின்வாரியத்துக்கு விற்பனை. அந்த வருமானத்திலிருந்தே கடனை அடைத்தார்கள்.

இதில் நமக்கு முக்கியமாகத் தோன்றுவது, அந்தக் காற்றாலையால் மாடிவீட்டுக்காரர், குடிசைக்காரர் என்று யாருக்கும் ஏற்றத்தாழ்வு உண்டாகவில்லை என்பது. தெருவிளக்கு எல்லோருக்கும் எரிகிறது. குழாயில் தண்ணீர் எல்லோருக்கும் வருகிறது. கடன் ஊருடையது, ஆகவே மிச்சமும் ஊருடையது. ஃப்ரைபுர்க்கில் முதல் போட்டவர் கூரைக்காரர். மிச்சம் கூரைக்காரருக்குப் போயிற்று. ஆராய்ச்சி மானியத்தில் முதல் போட்டது ஆராய்ச்சி இலாகா. மிச்சம் அறிக்கையாக அச்சாயிற்று. வெயிலும் காற்றும் யாருக்கும் வஞ்சனை செய்வதில்லை. முதல் நாள் பத்திரத்தில் யார் பெயர் எழுதுகிறோமோ, இருபது வருஷமும் அந்தப் பெயருக்குத்தான் வரவு.

இந்திய சர்க்கார் 2024 பிப்ரவரியில் தொடங்கிய சூரிய வீட்டுத் திட்டத்தையும் இந்தக் கண்ணால் பார்க்கவேண்டும். ஒரு கோடி வீடுகளுக்கு என்று 75,021 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மூன்று கிலோவாட் வைத்தால் ஒரு வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். தாராளமான தொகைதான், ஆனால் சொந்தக் கூரை வேண்டும். அடுக்கு வீட்டுச் சங்கங்களுக்கு, பொது உபயோகத்துக்கென்று, கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அந்த வரியை நேயர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? டில்லியில் 2019-லேயே வேறொரு ஏற்பாடு செய்துவிட்டார்கள். எங்கோ ஓரிடத்துத் தகடுகளில் பலர் கூட்டாகப் பங்கு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவர் பங்குக்கு உரிய யூனிட் அவரவர் வீட்டுப் பில்லில் கழியும். மைவாடிக் காற்றாலை ஓடந்துறைக்குச் செய்ததை, இது கீழ்வீட்டுக் குடித்தனத்துக்குச் செய்கிறது.

மறுபடியும் நம் தெரு. வியாபாரி சொன்ன விலை மூன்று கிலோவாட்டுக்கு 2 லட்சம். மானியம் போக வீட்டுக்கு 1,22,000. நாற்பத்திரண்டு வீட்டுக்கும் 51,24,000 ரூபாய். கிடைப்பது, கிலோவாட்டுக்கு 1,400 யூனிட் வீதம், வருஷத்துக்கு 1,76,400 யூனிட். தெருவில் வீடு வீடாகப் போய்ப் பில்லை வாங்கிக் கூட்டினோம். (மூன்று வீட்டில், வருமான வரிக்காரர் அனுப்பிய ஆள் என்று எண்ணிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.) செலவு 1,30,000 யூனிட்டைத் தாண்டவில்லை. வியாபாரி பொய் சொல்லவில்லை. நம் தெரு மிகைச் சக்தித் தெருவாக ஆகக்கூடியதுதான்.

கையிலிருந்து 1,22,000 போடக் கூடியவர்கள் தெருவில் ஒன்பது பேர் என்று காரியதரிசி சொல்லுகிறார். ஒன்பது வீடு மட்டும் வைத்தால் அந்த ஒன்பது வீட்டுப் பில் குறையும். தெரு தெருவாகவே இருக்கும். ஆகவே, தெருச் சங்கத்தைக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்து, சங்கத்தின் பெயரிலேயே கடன் வாங்குவது. ஆயிரம் ரூபாய் வீதம் பங்கு. மாடி கொடுக்கிறவர்களுக்கு மாடி வாடகை. பங்குக்குத் தகுந்தபடி வரவு என்று ஒரு யோசனை எழுதி, தையற்கார அம்மாளிடம் காட்டினோம். அவர் முழுவதையும் படித்தார். "வாத்தியார் சார், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டால் என் பங்கு என்னோடு வருமா, இல்லை இந்தத் தெருவிலேயே நின்றுவிடுமா?" என்றார்.

பங்கு வைத்திருப்பவர் குடிபோனால், சங்கம் அந்தப் பங்கை அன்றைய மதிப்புக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டும் என்று மூன்றாவது விதியாகச் சேர்த்தோம். காரியதரிசிக்கு அது பிடிக்கவில்லை. குடித்தனக்காரர்கள் இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் போவார்கள். அவர்களுக்காகக் கையில் ரொக்கம் வைத்திருக்க வேண்டுமென்றால் பாங்கியில் முகம் சுளிப்பார்கள் என்கிறார். அவர் சொல்லுவதிலும் நியாயம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு மண்டபத்தில் கூட்டம். மூன்றாவது விதியை நாம் எடுக்கப் போவதில்லை.